புரி

ஓகஸ்டில் வாங்கினேன் அந்தத் துவக்கை,
செத்துப்போன ஒரு தச்சரின் வீட்டுச் சாமான் ஏலத்தில்.
சன்னங்களை நானே தெரிந்தெடுத்தேன்:
நூற்றெண்பத்தைந்து கிரெயின்.
சுமிஸ்வால்ட் சுடுகளத்தின் குறுக்கே
பிற்பகலில் ஒரு காற்று வரும், மாட்டுக்கொட்டில் மணத்தோடு.
கனத்தது அதற்கு அசையாது என்று நினைத்தேன்.
கனத்தது எதற்கும் அசையாது என்று
நாற்பத்தொரு வயது வரை நினைத்திருந்தேன்.

கோடையில் அசையவும் இல்லை.
முந்நூறு மீற்றரில் ஒன்பது, பத்து, ஒன்பது.
பெயாட் சௌக் தன் வைன் போத்தலை
ஒரு சாண் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.
இந்த ஊரில் அது நீண்ட சொற்பொழிவு.

தை மாதம். மைனஸ் ஒன்பது.
அதே துவக்கு, அதே பெட்டி, அதே தோள்.
திரையில் ஏழு.
ஐந்து.
பிறகு எண்ணே இல்லை.
விரல் விறைத்திருக்கும் என்றார் பெயாட்.
மூச்சு என்றாள் ரூத் எஷ்லிமான்.
நான் என்னை உறுப்பு உறுப்பாக விசாரித்தேன்:
கண்ணை, கன்னத்தை, இடது முழங்கையை,
நேற்றிரவு லாங்நவ் வரை ஓட்டிய கடைசி பஸ்ஸை.
எல்லாருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இலத்திரன் பலகை எங்கே பட்டது என்று சொல்லும்.
எப்படிப் பட்டது என்று சொல்லாது.

கொடி ஏற்றச் சொல்லிவிட்டு நடந்தேன்,
முந்நூறு மீற்றரும், முழங்கால் பனியில்.
தாளில் துளை இல்லை.
ஒரு சன்னத்தின் பக்கத்தோற்றம் இருந்தது,
படுத்தபடியே கதவைத் தாண்டியவன் மாதிரி,
மூக்கு இங்கே, அடி அங்கே,
கிழிந்த ஒரு சாவித்துவாரம்.
அதன் வழியே அந்தப் பக்கத்து மண்மேடு தெரிந்தது.
அங்கேயே நின்று சத்தமாய்ச் சிரித்தேன்.
என் விரல் இல்லை! என் மூச்சு இல்லை!

இரவு, சமையலறையில்,
துடைகோலில் துணியை இறுக்கிச் சுற்றிக்
குழலுக்குள் தள்ளினேன். கோலில் பேனாவால் ஒரு கோடு.
தள்ளத் தள்ளக் கோல் தானே திரும்பியது,
சோம்பலாக.
கோடு ஒரு சுற்றுச் சுற்றி மேலே வர
பதினான்கு அங்குலம்.
ரூத்தின் குழலில் பத்திலேயே வந்துவிடும்.
ட்றால் என்பார்கள் இங்கே.
நான் புரி என்கிறேன், கயிற்றுக்குச் சொல்வதுபோல.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது எடை.
குழல் கேட்பதோ நீளம்.
கனம் கூடக் கூட சன்னம் நீள்கிறது,
நீண்டது நேரே போக
இன்னும் வேகமாய்ச் சுழல வேண்டும்.
நன்றாய்ச் சுற்றும் பம்பரம் தூங்குகிறது என்போமே,
என் சன்னம் நடுவழியில் விழித்து,
தலையாட்டி, குறுக்கே சாய்ந்திருக்கிறது.
கோடைக் காற்று மெல்லியது, பொறுத்துக்கொண்டது.
தைக் காற்று இறுகியது.
பொறுக்கவில்லை.

"உன்ர கலியாணம் மாதிரித்தான்" என்றாள் தங்கை,
தொலைபேசியில், லண்டனிலிருந்து.
போடி என்றேன்.
இது துவக்கு.

மீதி எழுபத்திரண்டையும் ரூத்துக்குக் கொடுத்தேன்.
அவள் குழலுக்கு அவை சரி.
பதிலுக்கு நூற்றைம்பத்தைந்தில் ஒரு பெட்டி தந்தாள்,
கார் தரிப்பிடத்தில், கையுறையும் கழற்றாமல்,
இருவரும் எண்ணாமல்.

மாசியில் காற்று வந்தது, வழக்கமான மணத்தோடு.
இலேசானது கொஞ்சம் அசைந்தது.
அசையும் என்று தெரிந்து
ஒரு கோடு இடப்பக்கம் தள்ளிப் பிடித்தேன்.
எட்டு. ஒன்பது. எட்டு.
யாரும் போத்தலை நகர்த்தவில்லை.

முடிந்ததும் கொடி ஏற்றச் சொன்னேன்.
"திரையிலேயே இருக்கிறதே, வதனி!" பெயாட் கத்தினார் பின்னாலிருந்து.
எண் இருக்கிறது.
பனி பாதி கரைந்திருந்தது, சப்பாத்து நனைந்தது.
தாளில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தேன்,
ஒவ்வொன்றாக.
நடுவில் ஒன்றுகூட இல்லை.
எல்லாம் வட்டம்.